துறைக்கு ஒரு புரோஷர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கல்லூரித் துறைகளுக்குப் புரோஷர் வடிவமைப்பதுதான் பல வருடமாக என் வேலை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் புள்ளியியல் ஆசிரியை. எங்கள் புரோஷரில் துறை தொடங்கிய ஆண்டு, நோக்கம், ஆசிரியர்களின் பட்டங்கள், ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் வாங்கிப் புரட்டிவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். என்ன குறை?

பதில்: மேடம், நீங்கள் சொன்ன எல்லாமே துறையைப் பற்றியது. வாங்கிப் பார்க்கிற பிள்ளையின் மனதில் ஓடுவது வேறு: இந்தப் படிப்பு எனக்கு வருமா, கணக்கு சுமாராக இருந்தால் சமாளிக்க முடியுமா, தினமும் என்ன செய்வேன், முடித்த பிறகு என்ன வேலை, வீட்டில் கேட்டால் என்ன சொல்வது. இதில் ஒன்றுக்காவது முதல் மடிப்பிலேயே பதில் கிடைத்தால்தான் அடுத்த மடிப்பைத் திறப்பார்கள்.

அட்டையில் துறையின் பெயரோடு, உங்கள் பாடம் விடை சொல்கிற ஒரு கேள்வியைப் போடுங்கள். “ஒரு நாட்டில் கோடிக்கணக்கான பேர் இருக்க, சரியான முறையில் தேர்ந்த ஆயிரம் பேரை மட்டும் கேட்டு, ஏறக்குறைய மூன்று சதவீதப் புள்ளி பிழைக்குள் மக்கள் கருத்தைச் சொல்ல முடிவது எப்படி?” இதைப் படித்த பிள்ளை ஒரு நிமிடம் நின்று யோசிப்பாள். உள்ளே முதல் செமஸ்டரில் என்னென்ன பாடம், எவ்வளவு கணக்கு, எந்த மென்பொருள் என்று நேராகச் சொல்லுங்கள். கணக்கு நிறைய இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள், பயப்படுகிறவர்களுக்கு என்ன உதவி உண்டு என்பதையும் சேர்த்து. மறைத்துச் சேர்த்தால் முதல் தேர்விலேயே அந்தப் பிள்ளைதான் திண்டாடும். கட்டுரைப் பட்டியல் இணையதளத்தில் இருந்தால் போதும்.

கேள்வி: எங்களுடையது தத்துவத் துறை. “வேலை கிடைக்குமா” என்று பெற்றோர் கேட்டால் என்ன எழுதுவது? “100% வேலைவாய்ப்பு” என்று போடச் சொல்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள், தயவுசெய்து. எத்தனை பேரில் 100%? படிப்பை முடித்தவர்களிலா, வேலை வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்களில் மட்டுமா? இது தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, விவரம் தெரிந்த பெற்றோர் முதலில் கேட்பதும் இதைத்தான். அதற்குப் பதிலாக, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எத்தனை பேர், அதில் வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், இன்னும் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று மொத்தத்தையும் கொடுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, நம்பிக்கை வரும். அப்புறம், பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரின் அனுமதியோடு இப்போது அவர்கள் பார்க்கிற வேலையையும், வகுப்பில் கற்ற எது அங்கே கைகொடுக்கிறது என்பதையும் அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள். அதைத் திருத்தி மெருகேற்ற வேண்டாம், மெருகேற்றினால் எல்லாரும் ஒரே ஆள் பேசுவது போல ஆகிவிடும்.

கேள்வி: அக்கா, நான் இரண்டாம் ஆண்டு மாணவன். ஏ4 தாளில் மூன்று மடிப்பு செய்தேன். அச்சில் நிறம் மங்கிவிட்டது, ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டது, ஒரு மடிப்பு உள்ளே சரியாக அமராமல் வளைகிறது.

பதில்: மூன்றுமே எல்லாருக்கும் நடப்பதுதான் தம்பி. திரை ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி. அச்சு சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மை. அதனால் பளிச்சென்ற நீலமும் பச்சையும் அச்சில் அடங்கித்தான் வரும். முதலிலேயே சிஎம்ஒய்கேயில் வேலை செய். பின்னணி நிறத்தைத் தாளின் எல்லைக்கு வெளியே 3 மி.மீ. நீட்டு, எழுத்தை ஓரத்திலிருந்து 5 மி.மீ.யாவது உள்ளே தள்ளு. மடிப்புக்கு ஏ4 தாளின் 297 மி.மீ. நீளத்தைச் சமமாக மூன்றாகப் பிரிக்கக் கூடாது. உள்ளே போகிற பகுதி 97, மற்ற இரண்டும் 100. வெளிப்பக்கத்தில் அந்த 97 இடது ஓரம், உள்பக்கத்தில் வலது ஓரம். அச்சகத்துக்கு அனுப்பும் முன் சாதாரணத் தாளில் ஒரு டம்மி எடுத்து மடித்துப் பார், பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: தமிழ் எழுத்துகள் அச்சகத்தில் உடைந்துபோகின்றன. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

பதில்: யூனிகோட் ஃபாண்ட்டையே பயன்படுத்துங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தால், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் வரும். அச்சகத்துக்குத் திறந்த கோப்பைக் கொடுக்காமல் ஃபாண்ட் உட்பொதிந்த பிடிஎஃப் கொடுங்கள்.

கேள்வி: க்யூஆர் கோடு தேவையா?

பதில்: தேவை, ஆனால் கல்லூரியின் முகப்புப் பக்கத்துக்குப் போகக் கூடாது. அந்தப் படிப்புக்கென்றே உள்ள பக்கத்துக்குப் போகட்டும். குறைந்தது 2 செ.மீ. அகலம், வெளிர் பின்னணியில் அடர் நிறம், சுற்றிலும் வெற்றிடம். விண்ணப்பிக்கக் கடைசி நாளும் தொலைபேசி எண்ணும் தாளிலும் இருக்கட்டும், எல்லார் கையிலும் போன் இருக்காது.

கேள்வி: நன்றாக வந்திருக்கிறதா என்று அச்சடிக்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: துறையில் உள்ளவர்களிடம் காட்டிப் பயனில்லை, அவர்களுக்கு எல்லாமே ஏற்கெனவே தெரியும். பள்ளி முடிக்கப்போகிற ஐந்து பிள்ளைகளிடம் டம்மியைக் கொடுத்து, அரை நிமிடத்தில் திரும்ப வாங்கிவிட்டு, “இது என்ன படிப்பு? இதில் என்ன செய்வார்கள்? உனக்குப் பிடித்திருந்தால் அடுத்து என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தப் பகுதியை மாற்றி எழுதிவிட்டு, வேறு ஐந்து பேரிடம் கொடுங்கள்.