அதென்ரை யாருடைய ஊர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் குடும்பத்தோடு அயர்லாந்தின் மேற்கிலுள்ள கால்வேயில் இருக்கிறேன். பக்கத்திலுள்ள இடைக்கால ஊர் ஒன்றைப் பற்றி எழுதிவரும்படி மகளின் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ரயிலில் அதென்ரை போய் வந்தோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். சின்னக் கோட்டை, கூரையில்லாத மடாலயம், அங்கங்கே அறுந்துபோன மதில். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். மைதானங்களில் ரசிகர்கள் பாடும் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் அதென்ரை' பாட்டில் வருகிற ஊர் இதுதானா என்று மகள் கேட்டாள். இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் அந்நிய மண்ணில் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட அரண் இது, அதனால்தான் ஐரிஷ்காரர்கள் திரும்பத் திரும்ப எரித்தார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். சரிதானா? ஊர் எப்போது உருவானது, எதைப் படிக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தீர்களே, அது எனக்குப் பெரிய சந்தோஷம். ஓர் ஊரின் வரலாறு என்றாலே யார் பிடித்தார்கள், யார் எரித்தார்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற வழக்கம் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பாட்டில் வருவது இந்த ஊர்தான். ஆனால் பாட்டை விடுங்கள். அது 1970களில் எழுதப்பட்டது, 1840களின் பஞ்சத்தைப் பற்றியது. நீங்கள் பார்த்த கற்கள் அதற்கு 600 வருடம் மூத்தவை. 1235க்குப் பிறகு மைலர் டி பெர்மிங்ஹாம் என்ற நார்மன் பிரபு இங்கே கோட்டை கட்டினார். டொமினிக்கன் துறவிகளின் மடாலயம் 1241ல் தொடங்கியது. கோட்டை சின்னது என்கிறீர்கள். அதன் வாசல் முதல் மாடியில் இருப்பதைக் கவனித்தீர்களா? அந்த வாசல் கல்லில் இலைவேலை செதுக்கியிருக்கிறார்கள். வெறும் அரணுக்கு யாரும் இலை செதுக்கச் சொல்லி சிற்பிக்குக் கூலி கொடுப்பதில்லை. அரை மணி நேரத்தில் இதெல்லாம் எப்படிக் கண்ணில் படும்? "பார்க்க ஒன்றுமில்லை" என்ற முடிவோடு ஒரு குழந்தையைத் திரும்ப ரயிலேற்றுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சரி, உங்கள் விளக்கத்துக்கு வருகிறேன். "தங்களுக்கென்று கட்டிக்கொண்ட அரண்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மடாலயத்துக்கு ஒரு இலத்தீன் பதிவேடு உண்டு. எதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று துறவிகள் எழுதி வைத்தது. ராபர்ட் பிரேனாக் என்பவரிடமிருந்து 160 மார்க் (அன்றைய பணக் கணக்கு) கொடுத்து மைலர் நிலத்தை வாங்கித் தந்தார் என்று அது சொல்கிறது. அதுவரை நீங்கள் நினைப்பதுதான். மேலே படியுங்கள். துறவிகளின் சாப்பாட்டுக்கூடத்தைக் கட்டிக்கொடுத்தவர் ஃபெலிம் ஓகானர். அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கொனாக்டின் ஐரிஷ் அரசர், நார்மன்கள் யாருடைய நிலத்தைப் பிடித்தார்களோ அவரேதான். படுக்கைக்கூடம் ஓஹெய்ன் குலத்தலைவர் ஒருவர் கொடுத்தது. துறவிகள் கூடிப் பேசும் மண்டபம் ஓகெல்லி ஒருவர் கொடுத்தது. இவர்கள் எல்லோரும் ஐரிஷ்காரர்கள். "அந்நியர்களின்" ஊருக்குள், அந்நியப் பிரபு வாங்கிக்கொடுத்த நிலத்தில், இவர்கள் ஏன் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்?

அண்ணன் தம்பியாகப் பழகினார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்றைய தலைவர் ஒருவருக்குத் தன் ஆன்மாவுக்காக ஜெபிக்கிற ஆள் வேண்டும். நல்ல துறவிகள் எங்கே இருந்தார்களோ அங்கே கொடுத்தார். நிலத்துக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்கள்தான் ஒரே பலிபீடத்துக்குக் காசும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அதென்ரையின் வரலாறு.

மதிலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 1310ல் மதில் வரி வசூலிக்க ஊருக்கு அனுமதி கிடைத்தது. சந்தைக்கு வரும் சரக்கின் மேல் போடுகிற வரி அது. மாட்டையும் தோலையும் தானியத்தையும் கொண்டுவந்து அந்த வரியைக் கட்டியவர்கள் எல்லோரும் நார்மன்களா? 1316 ஆகஸ்ட் 10ஆம் தேதி இந்த ஊர் அருகே பெரிய போர் நடந்தது. நார்மன் பிரபுக்களான வில்லியம் டி பர்க்கும் ரிச்சர்ட் டி பெர்மிங்ஹாமும் ஜெயித்தார்கள். கொனாக்ட் அரசர் இறந்தார். அவர் பெயரும் ஃபெலிம் ஓகானர்தான், வயது 23. டைக் ஓகெல்லி என்ற ஐரிஷ் தலைவரும் அங்கேயே விழுந்தார். செத்தவர்களின் ஆயுதங்களையும் கவசங்களையும் விற்று மதிலைக் கட்டி முடித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெயர்களை மறுபடி பாருங்கள். ஓகானர், ஓகெல்லி. மடாலயத்தில் சாப்பாட்டுக்கூடமும் மண்டபமும் கட்டிய அதே குடும்பங்கள்.

எரித்தது யார் என்பதிலும் உங்கள் கணக்கு உதைக்கிறது. 1316ல் ஊரைக் காப்பாற்றியது டி பர்க் குடும்பம். 1570களில் ஊரை எரித்தது அதே டி பர்க் பரம்பரையில் வந்த கிளான்ரிகார்ட் பிரபுவின் மகன்கள். அம்மா புதைக்கப்பட்ட தேவாலயத்தை எரிக்கிறாயே என்று கேட்டதற்கு, அம்மா உயிரோடு உள்ளே இருந்தாலும் சேர்த்தே எரிப்பேன், ஆங்கிலேயனை இங்கே அரண் கட்ட விடமாட்டேன் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாக ஹென்றி சிட்னி எழுதியிருக்கிறார். சிட்னி எலிசபெத் ராணியின் பிரதிநிதி. அப்படிச் சொன்னவர் நார்மன் வம்சம்! சில நூற்றாண்டில் யார் அந்நியர், யார் சொந்தம் என்பதே தலைகீழாகிவிட்டது. 1597ல் வந்து தாக்கிய வடக்கு ஐரிஷ் தலைவர் ரெட் ஹ்யூ ஓடானெல் ஒருவரை வேண்டுமானால் உங்கள் விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சிட்னிதான் 1567ல் ராணிக்கு இன்னொன்றையும் எழுதினார். ஒரு காலத்தில் 300 நல்ல குடும்பங்கள் இருந்த ஊர், தமக்குத் தெரிந்து 20 ஆனது, இப்போது 4, அவர்களும் ஏழைகள், ஊரை விட்டுப் போகக் காத்திருக்கிறார்கள் என்று. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த நாலு குடும்பங்களை நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பெரிய மதில், உள்ளே நாலு அடுப்பு. யார் ஜெயித்தால் அவர்களுக்கு என்ன?

மதில் அறுந்து கிடக்கிறது என்று குறைப்பட்டீர்கள். அதன் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது ஐயா! நீங்கள் குடியிருக்கும் கால்வேக்கும் மதில் இருந்தது. வியாபாரத்தில் கொழித்த ஊர் என்பதால் மதிலைத் தின்று வளர்ந்தது. மிஞ்சிய ஒரு துண்டு ஐர் சதுக்கத்து வணிக வளாகத்துக்குள் கடைகளுக்கு நடுவே இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதென்ரை வளரவில்லை. மதிலுக்கு உள்ளேயே புல்வெளி கிடந்தது. கல்லைப் பிடுங்கி வீடு கட்ட அவசரப்படுகிற ஆட்கள் அங்கே இல்லை. சந்தைச் சதுக்கத்தில் 15ஆம் நூற்றாண்டுச் சிலுவை இருக்கிறதே, அயர்லாந்தில் நட்ட இடத்திலேயே நிற்கிற இடைக்காலச் சந்தைச் சிலுவை அது ஒன்றுதான் என்கிறார்கள். அதன் ஒரு பக்கம் சிலுவையில் இயேசு, மறுபக்கம் குழந்தையோடு மரியாள். உங்கள் மகள் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தாளா?

நான் போனபோது மடாலயத்துக்குள் வெகுநேரம் நின்றது ஒரு கொல்லரின் கல்லறைப் பலகை முன்னால். 1682 என்று தேதி போட்டது. பிரபுக்கள் படுத்திருக்கும் அதே தரையில் துருத்தி, பட்டறைக்கல், குறடு, லாடம் எல்லாம் செதுக்கிய கல். குனிந்து கையால் தடவினால்தான் லாடத்தின் வளைவு தெரிகிறது. நாலு குடும்பங்களாகக் கரைந்த ஊரில் அப்புறமும் யாரோ குதிரைக்கு லாடம் அடித்திருக்கிறார்கள். அந்தத் தொழிலைப் பெருமையாக நினைத்துக் கல்லில் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம் அப்புறம். மடாலயத்துக்கு இன்னொரு முறை போங்கள், ஒரு முழு நாள் ஒதுக்கி. எந்தப் பகுதியை யார் கட்டிக்கொடுத்தது என்று மகளை ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். துறவிகள் வாழ்ந்த பகுதியை 18ஆம் நூற்றாண்டில் படைமுகாமுக்காக இடித்துவிட்டார்கள். அதனால் ஃபெலிமின் சாப்பாட்டுக்கூடத்தை இன்று பார்க்க முடியாது. அதையும் பெயரோடு குறிக்கச் சொல்லுங்கள். "அந்நியர்களின் அரண்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள், அது அவள் தவறில்லை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பட்டும், கட்டாயம் படிக்கிறேன்.