மானுவேல் அகாஞ்சி: கேள்வி பதில்

சுவிட்சர்லாந்து கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் அகாஞ்சியைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: பெயர் சுவிஸ் பெயர் மாதிரி இல்லையே, பூர்வீகம் எது?

பதில்: அப்பா நைஜீரியர், அம்மா சுவிஸ்காரர். 1995இல் பிறந்தவர், வின்டர்டூர் பக்கத்தில் வீசன்டாங்கனில் வளர்ந்தவர். அக்கா சாராவும் கால்பந்து ஆடியவர்தான். சூரிக் மாநில சட்டமன்றத்திலும் இருந்திருக்கிறார்.

கேள்வி: சுவிஸ் கிளப்பான பாசல் அணியில் இருந்தப்போ பெரிய காயம் பட்டதாமே?

பதில்: ஆமாம், 2016இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் மைதானத்தில் இறங்கவே முடியவில்லை. ஆனால் 2017 ஜூனில் தேசிய அணிக்கு ஆடிவிட்டார். 2018 ஜனவரியில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி 2 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கியது.

கேள்வி: 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் சொதப்பினார் என்று என் தம்பி சொல்கிறான். உண்மையா அண்ணா?

பதில்: உங்கள் தம்பி பாதி ஆட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். ஐரோப்பிய கிளப்புகளின் மிகப் பெரிய போட்டியின் இறுதி ஆட்டம் அது. இஸ்தான்புல், அகாஞ்சி அப்போது ஆடிய இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்கும் இத்தாலியின் இன்டருக்கும் ஆட்டம், ஸ்கோர் 0-0. இரண்டாம் பாதியில் சிட்டி வீரர் ஒருவர் பின்னோக்கித் தட்டிய ஒரு பாஸை தங்கள் கோல்கீப்பர் எடர்சன் எடுத்துக்கொள்வார் என்று அகாஞ்சி விட்டுவிட்டார். பந்து இன்டர் முன்கள வீரர் லௌத்தாரோவின் காலுக்குப் போய்விட்டது. எடர்சன் தடுத்ததால் தப்பித்தார்கள். அந்த இடத்தில் எனக்கே நெஞ்சு படபடத்தது.

அப்புறம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே அகாஞ்சி பந்தோடு முன்னேறி, இன்டர் வீரர்களுக்கு நடுவே சக வீரர் பெர்னார்டோ சில்வாவுக்கு ஒரு பாஸ் கொடுத்தார். அவர் பின்னோக்கித் தட்டிய பந்து யார் மீதோ பட்டுத் திரும்ப, 68ஆவது நிமிடத்தில் சிட்டியின் ரோட்ரி கோல் அடித்தார். 1-0, பிரீமியர் லீக், எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று மூன்று கோப்பைகளையும் சிட்டி வென்ற சீசன். தப்பு செய்த தடுப்பாட்டக்காரர்கள் பெரும்பாலும் அதன் பிறகு பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டு ஒதுங்குவார்கள். இவர் ஒதுங்கவில்லை. இவரை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

கேள்வி: பெனால்டியில் மட்டும் ஏன் இப்படி? இங்கிலாந்துக்கு எதிராக இவர் கோட்டை விட்டதால்தானே வெளியேறினோம்! (சுவிஸ் ரசிகன்)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. 2021இல் நடந்த யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) பிரான்ஸுடன் ஆட்டம் சமனாகி பெனால்டிகளுக்குப் போனபோது சுவிஸின் மூன்றாவது பெனால்டியை கோலாக்கியவர் இவர்தான், சுவிஸ் ஜெயித்தது. அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் இவர் அடித்ததை அவர்களின் கோல்கீப்பர் உனாய் சிமோன் தடுத்தார். 2024 யூரோ காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக சுவிஸின் முதல் ஆளாக வந்து நின்றவரும் இவர்தான், இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்துவிட்டார். ஒருமுறை தடுக்கப்பட்ட பிறகும் அடுத்த முறை முதல் ஆளாகப் போய் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், சொல்லுங்கள்? அவர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மனக்கணக்கில் புலியாமே?

பதில்: ஆமாம். இரட்டை இலக்க எண்களைக் கொடுத்தால் சட்டென்று பெருக்கிச் சொல்வார், வீடியோவே இருக்கிறது.

கேள்வி: சிட்டியை விட்டு எங்கே போனார்?

பதில்: 2025 செப்டம்பரில் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, போனது இன்டருக்கு. இஸ்தான்புல்லில் எந்த அணியைத் தோற்கடித்தாரோ, அதே அணி! 2021 யூரோவில் பிரான்ஸ் வீரர் எம்பாப்பேயின் பெனால்டியைத் தடுத்த சுவிஸ் வீரர் சோமரும் அங்கேதான் கோல்கீப்பராக இருந்தார்.