மாத்திரை போட்டும் நாள் தள்ளிப்போகிறதே, டாக்டர்?

நாலு மாதத்தில் மூன்று தடவை அவசர கருத்தடை மாத்திரை போட்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் கர்ப்பப்பை கெட்டுவிடாது. இனி குழந்தையே தங்காது என்று யூடியூபில் யாரோ சொன்னதை நம்பித் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் முடி கொட்டுவதையும் முகப்பருவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. தேதி தாண்டி ஒன்பது நாள். பழுப்பாகக் கொஞ்சம் கறை. வலப்பக்க அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. இதை மாதவிலக்கு என்று நினைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கினாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மாத்திரை அதை உண்டாக்குவதில்லை. ஆனால் மாத்திரையையும் மீறிக் கரு தங்கி, கூடவே வலியும் இருந்தால், அது எங்கே தங்கியிருக்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

இன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, கர்ப்பகால ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் மூன்றும் தேவைப்படலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் 48 மணி நேரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு ஊசி மருந்திலேயே சரியாகிவிடும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை வலி, திடீரென்று கடுமையான வயிற்றுவலி, இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம், தயவுசெய்து.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 72 மணி நேரத்துக்குள் போட்டால் அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முட்டை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் பயனில்லை. மாத்திரை போட்ட நாலாம் நாள் மறுபடி சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தள்ளிப்போன முட்டை அதற்குப் பிறகு வந்திருக்கலாம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். முன்னால் போட்ட மாத்திரை பின்னால் நடப்பதைத் தடுக்காது. இதை அட்டையை நீட்டும்போது கடைக்காரர் சொல்வதில்லை. வாங்கி வருகிற கணவரும் கேட்பதில்லை.

இந்த வலிக்குக் காரணம் தெரிந்த பிறகு, தொடர்ந்து பயன்படுத்தக்கூடிய ஒரு கருத்தடை முறைக்கு மாறுங்கள். காப்பர்-டி போட்டால் ஒரு வருடத்தில் கரு தங்குவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. அது வேண்டாம் என்றால் ‘சாயா’ (Chhaya) என்ற கருத்தடை மாத்திரை இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இரண்டுமே அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் முதலில் ஸ்கேன்.