வாங்குமுன் கேளுங்கள்: மங்கல் வெளிச்சத்துக்கு எந்த ஸ்கோப், எந்த பைனாகுலர்?

கேள்வி (அட்டன்): கனடாவில் இருக்கும் என் தம்பி மான் வேட்டை பழகுகிறான். மான் வெளியே வருவது விடியலிலும் பொழுது சாயும்போதும்தானாம். விலை குறைந்த ரைபிள் ஸ்கோப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், 4-16x40. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

பதில்: இருட்டும் நேரத்துக்கு இல்லை. 4-16 என்பது உருப்பெருக்கம். 40 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 16இல் வைத்தால் அது 2.5 மி.மீ.தான். கண்மணியைவிட அது சிறிதென்றால் காட்சி இருண்டுவிடும். இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது போனவர்களுக்கு 5 என்றாலே பெரிது. சாதாரண 3-9x40 ஸ்கோப்பை 6இல் வைத்தால் 6.7 கிடைக்கும். அது போதும். தம்பி இருப்பது ஒன்டாரியோ மாகாணம் என்றால், அங்கே சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு மான் வேட்டையே கூடாது, அந்த அரை மணிக்குத்தான் ஸ்கோப் தேவை. 50 மி.மீ. வில்லைக்கு ஆசைப்பட வேண்டாம்: பாரம் கூடும், உயர்த்திப் பூட்ட வேண்டிவரும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒழுங்காகப் படியாது. அந்தச் சல்லியை, வெளிச்சத்தை வீணாக்காமல் உள்ளே விடும் கண்ணாடிப் பூச்சுக்குக் கொடுக்கலாம். பெட்டியில் "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்று இருக்க வேண்டும். வெறும் "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு வில்லையில் ஏதோ ஒரு பூச்சு.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள் ஓரத்தில் தடிப்பாக இருக்கட்டும்; மயிரிழைக் கோடு மானின் பழுப்பு உடம்பில் காணாமல் போய்விடும். நடுவில் சிவப்புப் புள்ளி எரியும் வகை என்றால் அது மிக மங்கலாகவும் எரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த வெளிச்சமே கண்ணை மறைக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ. அளவு இடைவெளி விட்டுப் பார்க்க முடிகிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வெடித்தவுடன் ஸ்கோப் வந்து புருவத்தைக் கிழிக்கும். 

கேள்வி (வெலிமடை): உருளைக்கிழங்குப் பாத்திக்குள் பன்றி இறங்குவதைப் பார்க்க 30x60 பைனாகுலர் ஒன்றை எட்டாயிரம் ரூபாய்க்குப் போன மாதம் வாங்கினேன். இரவிலும் தெரியும் என்றார் கடைக்காரர். ஆறரை மணிக்கே ஒன்றும் தெரியவில்லை. பில் துண்டில் "நைட் விஷன்" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்.

பதில்: உங்கள் மேல் பிழை இல்லை. பொய் சொல்லி விற்றிருக்கிறார். பிள்ளையின் அடிமட்டத்தை எடுத்து முன்வில்லையை அளந்து பாருங்கள். நான் பார்த்த இந்த ரகம் எதிலும் 60 மி.மீ. கிடையாது, பாதி இருந்தாலே பெரிது. 30 மடங்கும் அப்படித்தான். உண்மையாகவே 30 என்றாலும் ஒளிவட்டம் 2 மி.மீ., கை நடுக்கமும் 30 மடங்கு. வில்லையில் செம்பருத்திப் பூ மாதிரி ஒரு சிவப்பு மினுங்குமே, அதைக் காட்டித்தான் "இரவுக்கு" என்று விற்கிறார்கள். அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் திருட்டு! உண்மையான நைட் விஷன் மின்னணுக் கருவி. பெட்டரி போட இடமே இல்லாத சாமான் எப்படி ஐயா இருட்டில் காட்டும்? என்னிடமும் இதற்கு அண்ணன் ஒன்று கிடக்கிறது, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய 10-50 ஸூம். பேரப்பிள்ளைகள் அதைத் திருப்பிப் பிடித்து என்னைக் குட்டியாக்கிப் பார்க்கிறார்கள்.

அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். முதலில் கடைக்குப் போய்க் கேளுங்கள். மறுத்தால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லுங்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். காசு திரும்பினால் 8x42 பாருங்கள். பாரம் பரவாயில்லை என்றால் 7x50. கடையிலேயே கையை நீட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, கண்வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிப்பொட்டைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் சாம்பல் படிந்து சதுரமாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் மலிவு. ஒன்று மட்டும், நம் ஊரில் பொழுது விழுந்து இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியும் உதவாது, டோர்ச்தான்.

கேள்வி (நுவரெலியா): பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் துப்பாக்கி இருக்கிறது. 3-9 ஸ்கோப் பூட்டினால் இரவில் பன்றி தப்பாதல்லவா?

பதில்: பூட்டாதீர்கள். சன்னத் தோட்டா குறிக்குச் சரியாகப் பிடிக்கும் தூரம் முப்பது நாற்பது மீட்டர். அந்தத் தூரத்தில் 9 மடங்கு என்றால் பன்றி தெரியாது, பன்றி மயிர்தான் தெரியும். அதோடு, இருட்டில் அசைவதெல்லாம் பன்றி இல்லை. மரையாக இருந்தால் சட்டம், மனிதனாக இருந்தால் கொலை. துப்பாக்கியில் எதையாவது மாற்றுவதென்றால் அனுமதிப்பத்திரம் கொடுத்த இடத்தில் முதலில் கேளுங்கள். அந்தக் காசை வேலிக்குப் போடுங்கள். வேலி என்றால் வேலி, கம்பிச் சுருக்கு இல்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை மாட்டி, பிறகு செத்தது அப்படி ஒரு சுருக்கால்தான்.

கேள்வி (பண்டாரவளை): இணையத்தில் பாவித்த ஸ்கோப் ஒன்று வாங்கினேன். பில் இல்லை, விற்றவர் பெயரும் தெரியாது. நான்கு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வில்லை கலகலக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெட்டியை மூடி வைக்கலாம்.

கேள்வி (மஸ்கெலியா): ரைபிள் ஸ்கோப் இருந்தால் பைனாகுலர் தேவையில்லைதானே?

பதில்: துப்பாக்கியோடு இருக்கும் ஸ்கோப்பால் யாரைப் பார்த்தாலும் அவர் மேல் குழாய் நீளும். தனி பைனாகுலர் வாங்குங்கள்.

கேள்வி (அப்புத்தளை): அப்பாவின் பழைய பைனாகுலருக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை படர்ந்திருக்கிறது. துடைத்தும் போகவில்லை.

பதில்: பூஞ்சணம். வெளியே துடைத்துப் பயனில்லை, அது உள்ளே இருக்கிறது. உங்கள் ஊர் மூடுபனிக்குத் தோலுறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் இதுதான் வரும். கெமரா திருத்துபவரிடம் கொடுத்து, பூச்சை அரித்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரித்திருந்தால் செலவு செய்ய வேண்டாம், அப்பாவின் நினைவாக இருக்கட்டும். அரிக்காவிட்டால் சுத்தம் செய்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். தோலுறை டப்பாவுக்குள் போகக் கூடாது. புதிதாக வாங்குவதென்றால் நைதரசன் நிரப்பி நீர் புகாமல் அடைத்த வகையைக் கேளுங்கள்.