கடல் அட்டையும் என் கடைசி வரியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் அறிவியல் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். பவளப்பாறைகள் வெளுப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். போன மாதம் கடலின் தரையில் ஊரும் கடல் அட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அட்டை மண்ணை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்றுவிட்டு, சுத்தமான மண்ணாக வெளியே தள்ளும் இடம் வரை விடாமல் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் மனம் கசந்துவிட்டது. ‘தடை தொடர வேண்டும் என்று அறிவியல் சொல்கிறது’ என்று முடித்திருந்தீர்கள்.

என் அப்பா அட்டை குளித்தவர், அதாவது கடலில் மூழ்கி அட்டை எடுத்தவர். 2001-இல் அட்டை பிடிக்கத் தடை வந்தபோது எனக்குப் பத்து வயது. அதுவரை வியாபாரி வீட்டுக்கே வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். திடீரென்று ஒரு நாள், அதே அட்டை வீட்டில் இருந்தால் குற்றம் என்றார்கள். அவித்துக் காயப்போட்டிருந்ததை அம்மா இரவோடு இரவாக மணலில் புதைத்தார். அப்பா கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போனார். எங்கள் தெருவுக்கு வந்து யாரும் எதையும் கேட்டதாக நினைவில்லை. மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். 45 நாள் என்றார்கள், பிறகு 61 நாள் ஆக்கினார்கள். 61 நாள் வேண்டும் என்று எந்த மீன் சொன்னது?

நீங்கள் அறிவியலை மட்டும் எழுதலாமே ஐயா. சட்டம், தடை, நிவாரணம் எல்லாம் அரசியல். அதில் நீங்கள் அறிவியலின் பெயரால் பேசும்போது எங்களுக்குப் பதில் சொல்ல வாயில்லாமல் போகிறது. தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்,
தங்கச்சிமடம்.

*

அன்புள்ள தம்பி,

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அந்தக் கடைசி வரி தவறு. அதை எழுதியபோது எனக்குச் சிறிதும் உறுத்தவில்லை என்பதுதான் இப்போது அதிகம் வருத்துகிறது. கட்டுரையின் மற்ற ஒவ்வொரு வரிக்கும் நூல்களைப் புரட்டினேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் எதையும் பார்க்காமல் எழுதினேன்.

அறிவியலுக்குத் தெரிந்தது எது, நான் சேர்த்தது எது என்று முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஆண், பெண் வேறு வேறு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில்தான் விடுகின்றன. இரண்டும் கலந்தால்தான் குஞ்சு. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கலக்கும். ஆளுக்கொரு மூலையில் கிடந்தால் விட்டதெல்லாம் நீரோட்டத்தோடு போய்விடும். ஆகவே, ஓர் இடத்தில் நூறு அட்டை இருந்து தொண்ணூறை எடுத்துவிட்டால், மிஞ்சிய பத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு குஞ்சாவது வரும் என்று கணக்குப் போட முடியாது. அதைவிட மிகக் குறைவாகவே வரும், எதுவுமே வராமலும் போகலாம். இது அறிவியல். எந்த ஊரில் சோதித்தாலும் இதே பதில்தான். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1982-இலேயே விதி வந்தது. சிறிசுகளையும் விடாமல் எடுக்கிறார்கள் என்ற கவலை அன்றே இருந்தது.

அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் 1988-இல் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்த்தார்கள். அந்த இனத்தில் உலகிலேயே அதுதான் முதல் முறை. அந்த நிறுவனத்தின் தலைமையகம் தொடக்க காலத்தில் பல ஆண்டுகள் உங்கள் ஊருக்கு அடுத்த மண்டபம் முகாமில்தான் இருந்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆக, அட்டை குறைந்தால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குப் பல வழிகள் இருந்தன. அளவு வைக்கலாம். குளிப்பவர்களுக்கு உரிமம் கொடுத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். ஓர் இடத்தை மூன்று ஆண்டு மூடிவைத்து அடுத்ததைத் திறக்கலாம். பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடலாம். எதிர்க்கரையில் இலங்கை உரிமத்தோடு அட்டை குளிக்க அனுமதிக்கிறது. நம் நாடு 2001-இல் எல்லா அட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலியும் யானையும் இருந்த பட்டியல் அது. அந்தப் பட்டியலில் உள்ள விலங்கைப் பிடித்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் போனால் ஏழு ஆண்டு சிறை.

முட்டையும் விந்தும் கலப்பதற்கும் மூன்று ஆண்டுச் சிறைக்கும் நடுவே எத்தனை முடிவுகள் இருக்கின்றன பாருங்கள். யார் வருமானத்தை இழப்பது, அவர்களுக்கு என்ன தருவது, எத்தனை நாள் முன்னால் சொல்வது, ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் சரக்கை என்ன செய்வது, வலையில் தானாக ஏறிவிட்ட அட்டைக்கு வலைக்காரர் பொறுப்பா. இவற்றில் ஒன்றுக்குக்கூட நுண்ணோக்கியில் விடை கிடையாது. உங்கள் அம்மா மணலில் புதைத்த இரவும் அந்த நடுவில்தான் இருக்கிறது. நான் அத்தனையையும் ‘அறிவியல் சொல்கிறது’ என்ற இரண்டு சொல்லால் தாண்டிக் குதித்துவிட்டேன்.

என் கருத்து என்ன என்று கேட்டால், இன்றும் நான் தடையின் பக்கமே சாய்கிறேன். இப்போதிருக்கும் வெளிநாட்டு விலையில் ஒரே நாளில் திறந்துவிட்டால் இரண்டு மூன்று பருவத்தில் கடலைத் துடைத்து எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். அதே நேரத்தில், பொரிப்பகத்துக் குஞ்சை வாங்கி வளர்க்கும் உரிமையை அட்டை குளித்த குடும்பங்களுக்கே முதலில் தர வேண்டும் என்றும், தடை போட்ட கடலில் அட்டை பெருகியிருக்கிறதா என்று எண்ணி அந்த எண்ணிக்கையைத் தமிழில் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கிறேன். இதெல்லாம் என் அச்சமும் என் விருப்பமும். நீங்கள் இவற்றோடு சண்டை போடலாம். முட்டை விஷயத்தில் சண்டை போட்டால் மட்டும் நான் விட மாட்டேன்.

ஆனால் தம்பி, ‘அறிவியலை மட்டும் எழுதுங்கள்’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி எழுத நம் கரையில் இடமில்லை.

2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். புரெவி புயல் 2-ஆம் தேதி இரவு திரிகோணமலைப் பக்கம் கரையேறி, இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் இறங்கியது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். 4-ஆம் தேதி ஆறு தென் மாவட்டங்களுக்கு அரசு விடுமுறை விட்டது. புயலோ வலுவிழந்து, நம் கரைக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்று, அப்படியே கரைந்துபோனது. அதே மழை வடக்கே சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தியது. மறுநாள் என் தெருவில் எல்லோரும் ‘வானிலைக்காரர்கள் பொய் சொல்லிவிட்டார்கள், வீணாக ஒரு நாள் பிழைப்புப் போயிற்று’ என்றார்கள். வானிலை மையம் சொன்னது புயல் எந்தப் பக்கம் போகக்கூடும், காற்று எவ்வளவு வீசக்கூடும் என்பதைத்தான். கடைகளை அடைப்பதும் பள்ளிக்கு விடுமுறை விடுவதும் அதைக் கேட்டு அரசு எடுத்த முடிவு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரையில், பத்தில் நான்கு வாய்ப்பு என்றாலும் மூடு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், அடுத்த முறை கூண்டு ஏறும்போது படகைக் கட்டிவைக்காமல் ஒருவர் கிளம்பிவிடுவார். அவரை நினைத்துத்தான் நான் எழுதுகிறேன். கூண்டு எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை என்னென்ன பொருள் என்று ஒரு முறை எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே அதிகமாகப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டப்பட்டது அதுதான்.

சீமைக் கருவேலத்தையும் பாருங்கள். 2017-இல் நீதிமன்ற உத்தரவை அடுத்து மாநிலம் முழுக்க அதை வெட்டும் வேலை சூடுபிடித்தபோது, அந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸப்பில் வந்தது. இரண்டுக்கும் ஆதாரமில்லை. கண்மாய்களை அடைத்துக்கொள்கிறது, வேரை ஆழமாக விட்டு நிலத்தடி நீரைக் குடிக்கிறது, கூட வேறு செடியை வளர விடுவதில்லை, இவை உண்மை. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அதன் கரிமூட்டத்தால்தான் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மை. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதைத்துவிட்டுப் போகும் என்பதால், வெட்டினால் மட்டும் ஒழியாது. இதை அன்றே நாலு பேர் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். ‘மரம் அறிவியல், வெட்டுவது அரசியல்’ என்று சும்மா இருந்திருந்தால், மாடு மலடாகும் கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போது உங்கள் 61 நாளுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. எந்த மீனும் சொல்லவில்லை. ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு மாதத்தில் முட்டையிடுகிறது. சில இனங்கள் ஆண்டு முழுக்க இடுகின்றன. தடையோ கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு கடலும் உண்டு. அங்கே ஒரே மாவட்டத்தில் ஒரு கரைக்கு ஏப்ரலிலும் மறு கரைக்கு ஜூனிலும் தடை தொடங்குகிறது. மீன்தான் தேதி குறித்தது என்றால் இப்படி நேர்த்தியாக 61, 61 என்று வராது. இழுவைமடி வலை இரண்டு மாதம் தரையை உரசாமல் இருந்தால் குஞ்சு மீன் வளர அவகாசம் கிடைக்கிறது, தரையிலுள்ள உயிர்கள் மூச்சுவிடுகின்றன. அந்த அளவுக்கு அறிவியல் துணை நிற்கிறது. 45 போதுமா, 61 வேண்டுமா என்பது பேசி முடித்த கணக்கு. 2017-இல் அது 61 ஆனது. பேசி முடித்த கணக்கை மறுபடி உட்கார்ந்து பேசலாம். ‘அறிவியல் சொல்கிறது’ என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சின் கதவு அடைபடுகிறது. உங்கள் கடிதத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது இது.

நிவாரணம் அரசியல், அதை விட்டுவிடுங்கள் என்கிறீர்கள். விட மாட்டேன். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று முதலமைச்சர் அறிவித்தார். உயர்த்தியது நல்லது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 8,000-ஐ 61-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் அந்த இரண்டு மாதமும் அதை வைத்துத்தான் அரிசி வாங்க வேண்டும். தடையால் மீன் பெருகினால் பயன் எல்லோருக்கும்: நாளை சந்தையில் மீன் வாங்கும் எனக்கும் உண்டு, ஏற்றுமதி செய்கிறவருக்கும் உண்டு. அதற்கான விலையை இன்று 131 ரூபாயில் கட்டுகிறவர் ஒருவர்தான். வகுத்தல் தெரிந்தவன் இதைச் சொல்லாமல் மீனின் சினைப்பையைப் பற்றி மட்டும் பாடம் நடத்தினால், அது நேர்மையாகாது.

யாரும் கேட்கவில்லை என்றீர்கள். அது என்னையும் சுட்டது. பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். ஆண்டில் 45 நாள் தொடவே மாட்டார்கள். மரிக்கொழுந்துப் பாசியை இரும்பால் சுரண்டினால் அடி போய்விடும், மறுபடி முளைக்காது என்று கையால்தான் பறிக்கிறார்கள். அவர்கள் பாசி எடுத்துப் பழகிய தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. அதன் 21 தீவுகளையும் பற்றி நான் எழுதியிருக்கிறேன். பவளத்தையும் பலனோகுளோசஸ் என்ற கடற்புழுவையும் எழுதினேன். இந்தப் பன்னிரண்டு நாளை ஒரு வரியாகக்கூட எழுதவில்லை. அறிவியல் கட்டுரையில் அதற்கு இடமில்லை என்று நினைத்துவிட்டேன். ஒரு வளத்தை எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்பதை முப்பது ஆண்டு கடலில் நின்று பார்த்தவர் சொல்வது அறிவியலுக்கு வெளியே இருக்கிறது என்று நான் எப்படி முடிவுகட்டினேனோ தெரியவில்லை.

அட்டைக் கட்டுரையின் கடைசி வரியை நேற்று மாற்றிவிட்டேன். பழைய வரியையும் அழிக்காமல், அது ஏன் தவறு என்ற குறிப்போடு கீழேயே வைத்திருக்கிறேன். புதியது இப்படி இருக்கிறது: ‘அட்டைகள் அடர்த்தியாக இருந்தால்தான் பெருகும், இது உறுதியாகத் தெரிந்தது. முழுத் தடைதான் அதற்கு வழி என்பது என் கருத்து. அந்தத் தடையால் தொழிலை இழந்தவர்களிடம் நான் இதுவரை பேசவில்லை.’

பேச விரும்புகிறேன். அப்பாவுக்குச் சம்மதம் என்றால் வருகிற அமாவாசை கழிந்து தங்கச்சிமடம் வருகிறேன். அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நினைத்துப் பார்க்க நேரம் வேண்டும். அவர் குளிக்கத் தொடங்கிய காலத்தில் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில், ஒரு மூச்சுக்கு எத்தனை அட்டை எடுத்தார். தடைக்கு முந்தைய ஆண்டில் அதே இடத்தில் எத்தனை?

அன்புடன்.