இணைய ஏலத்தில் பழைய வாட்ச் வாங்கலாமா? என்னென்ன சிக்கல் வரும்?

இதைக் கேட்பவர் ஏற்கெனவே ஒரு வாட்சைப் பார்த்து வைத்துவிட்டார். ஏலம் முடிய ஓரிரு நாள்தான் இருக்கிறது. "தாராளமா வாங்குங்க" என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருக்கிறார். இது என் ஊகம்தான், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நானும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருவரிடம் கேட்டேன். வாங்கு என்றார். வாங்கினேன்.

ஏலத்தில் விற்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே என்ன மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் எந்திரம்), எந்தப் பாகம் மாற்றியது, எங்கே கீறல் என்று பிரித்துப் பிரித்துப் படம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் அவர்களிடமும் வாங்கியிருக்கிறேன். எனவே "எனக்கு நல்லதாத்தான் வந்தது" என்று சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கு நல்லது வந்தது, எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் வாங்கியது சீக்கோ 6309-7040. இதில் 6309 என்பது உள்ளே இருக்க வேண்டிய மூவ்மென்டின் எண். டைவர் வாட்ச், அதாவது தண்ணீரில் மூழ்குபவர்களுக்கானது. தலையணை மாதிரி உப்பிய கேஸ் (வெளிக்கூடு), நாலு மணிப் பக்கம் திருகி மூடும் கீ. 1976-இல் வர ஆரம்பித்து 1988 வரை வந்த மாடல். என் அப்பா கட்டியிருந்தார், சின்ன வயதில் பார்த்து ஏங்கினேன் என்றெல்லாம் கதை கிடையாது. படத்தில் பார்த்தேன், பிடித்துவிட்டது.

விற்பவர் எழுதியிருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம். "1978 மாடல். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. எனக்கு வாட்ச் பற்றி ஒன்றும் தெரியாது. நன்றாக ஓடுகிறது. ஒருமுறை கீ கொடுத்தால் இரண்டு நாள் நிற்காது." ஐந்து படங்கள். நாலு முன்பக்கம், ஒன்று பின்மூடி, அதுவும் கை ஆடி எடுத்தது. உள்ளே திறந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

இந்த நாலு வரியிலேயே எல்லாம் இருந்தது. எனக்குத்தான் கண் தெரியவில்லை.

முதல் விஷயம், 6309 மூவ்மென்டுக்குக் கீயே கொடுக்க முடியாது. கையில் கட்டி ஆட்டினால் உள்ளே ரோட்டர் என்ற அரைவட்டத் தகடு சுற்றி ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கீயைத் திருகினால் சும்மா சுற்றும். கீ கொடுத்தால் இரண்டு நாள் ஓடும் என்று எழுதியவர் அந்த வாட்சைக் கையிலாவது எடுத்துப் பார்த்தாரா என்பதே சந்தேகம். வேறு ஏதோ வாட்சுக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்.

இரண்டாவது, சீக்கோவில் பின்மூடியிலேயே தேதி இருக்கும். ஆறு இலக்க எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பர் டிசம்பருக்கு மட்டும் ஆங்கில முதலெழுத்து. இவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 47 என்று ஆரம்பித்தது. அப்படியென்றால் 1974 ஜூலை அல்லது 1984 ஜூலை. 74-இல் இந்த மாடலே வரவில்லை. 1978 என்பது எங்கிருந்து வந்தது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது எப்போது என்று கேட்காதீர்கள். காசு கட்டிய பிறகு.

மூன்றாவது, அதே ஆள் அந்த வாரம் மட்டும் நாற்பதுக்கு மேல் வாட்ச் போட்டிருந்தார். பாதிக்கு மேல் தாத்தா பெட்டிதான். மனிதருக்கு எத்தனை தாத்தா!

ஏலம் என்பது கடைக்குப் போய் வாங்குவது மாதிரி இல்லை. "இதற்கு மேல் போகமாட்டேன்" என்று ஒரு உச்சத் தொகையைப் போட்டுவிட்டால், அடுத்தவர் கேட்பதற்கு ஒரு படி மேலே வரை கணினியே உங்களுக்காகக் கேட்டுக்கொண்டு போகும். நானும் அப்படித்தான் போட்டேன். அதோடு படுக்கப் போயிருக்க வேண்டும். ஏலம் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, நான் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசி நிமிடத்தில் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். யார் எவன் என்று தெரியாது, பெயருக்குப் பதில் முதலெழுத்தும் நட்சத்திரக் குறிகளும்தான். அந்த நிமிடத்தில் எனக்கு வாட்ச் மறந்தே போச்சு. அவன் ஜெயிக்கக் கூடாது, அது மட்டும்தான். மூன்று முறை உயர்த்தினேன். முடிவில் நான் நினைத்து வைத்திருந்ததைப் போல ஒன்றரை மடங்கு. அந்த நட்சத்திரக்காரன் விற்பவருடைய ஆளாகவே இருந்திருக்கலாம். நிரூபிக்க வழி இல்லை, அதனால் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

வாட்ச் வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் டயலில் உள்ள புள்ளிகள் பச்சையாக ஜொலிக்கின்றன. விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் மணி தெரிந்தது. எவ்வளவு நன்றாகப் பாதுகாத்திருக்கிறார் அந்தத் தாத்தா என்று மனதார வாழ்த்தினேன். நாற்பது வருடத்துப் பூச்சு அப்படி விடிய விடிய மின்னாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒளியே அது புதுச் சரக்கு என்பதற்குச் சாட்சி. சாட்சியைப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாகத் தூங்கியிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு ஆறு நிமிடம் பின்தங்கியதால் ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். பின்மூடியைத் திறந்து லூப் என்ற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். பிறகு லூப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க சார்." ரோட்டருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 7009 என்று இருந்தது. பின்மூடியில் 6309, உள்ளே 7009. அதுவும் சீக்கோதான், நல்ல மூவ்மென்ட்தான், சாதாரண வாட்சுகளில் வந்தது. டயலைக் கழற்றினார். டயலுக்குப் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவைதான் அதை மூவ்மென்டில் பிடித்து நிறுத்துபவை. இதில் இரண்டையும் நறுக்கிவிட்டு, ஒட்டும் புள்ளி வைத்து ஒட்டியிருந்தார்கள். கம்பெனி டயலும் இல்லை. ஆறு மணிக்குக் கீழே மாடல் எண் பொடியாக இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து தடித்து, மை கசிந்த மாதிரி இருந்தது. முள், கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையம் எல்லாம் வெளியே செய்தவை. கேஸும் பின்மூடியும் மட்டும் நிஜம். பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதற்கு வாட்ச் பிரியர்கள் வட்டாரத்தில் பிராங்கன் என்று பெயர். அப்புறம் மெஷினில் வைத்துப் பார்த்தார். ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரம் வீசும் அளவு, 160 டிகிரி காட்டியது. 250-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டுமாம். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது. "நன்றாக ஓடுகிறது" என்பதற்கு அர்த்தம் இதுதான். மூச்சு இருக்கிறது, அவ்வளவே.

பிராங்கன் வாட்சைத் தெரிந்தே ஆசையாக வாங்கிக் கட்டுபவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படிச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும்.

இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. என் மச்சினன், "டைம் பார்க்க போன் இருக்கே மாமா" என்றான். அவன் கையில் இருப்பது ஸ்மார்ட் வாட்ச். சாப்பிட உட்கார்ந்தால் இன்றைக்கு எத்தனை அடி நடந்தேன் என்று அறிக்கை வாசிப்பான். தினம் சார்ஜ் போடாவிட்டால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. இதற்கு முன் வாங்கிய இரண்டும் பேட்டரி போய் மேசை டிராயரில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஆன மொத்தச் செலவை யாரும் கணக்குப் போடுவதில்லை, என்னுடையதை மட்டும் எல்லோரும் போடுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

சரி, புகார் கதைக்கு வருகிறேன், உங்களுக்கு உபயோகப்படப்போவது இதுதான். புகார் கொடுக்கக் குறிப்பிட்ட சில நாட்கள்தான் அவகாசம். விற்பவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "பழைய வாட்ச்னா சர்வீஸ்ல பாகம் மாத்தறது சகஜம்தானே" என்றார். அது பொய்யும் இல்லை. ஆனால் பாகம் மாறுவது வேறு, இதயமே மாறுவது வேறு. பிறகு, "புகாரை மூடிடுங்க, பணத்தை நேரா அனுப்பிடறேன், போன் நம்பர் கொடுங்க" என்றார். பாதி மனம் வந்துவிட்டது. நல்லவேளை ரிப்பேர்காரரிடம் யதேச்சையாகச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், இடமும் வலமுமாக. மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது, போனில் பேசியதற்குச் சாட்சியும் இருக்காது. அதனால் எல்லாவற்றையும் ஏலக்காரர்களின் பக்கத்திலேயே எழுத்தில் கேட்டேன். திறந்த பின்மூடியை நான் பிடித்துக்கொள்ள, மூவ்மென்டைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் சொன்ன வர்ணனையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மூன்று வாரம் கழித்துப் பணம் வந்தது. திருப்பி அனுப்பிய செலவும், ரிப்பேர்காரருக்குக் கொடுத்ததும் என் தலையில்.

நீங்கள் பார்த்து வைத்திருப்பது சீக்கோவா, சுவிஸ் வாட்சா என்று தெரியவில்லை. எதுவானாலும் ஏலம் கேட்கும் முன்பு மூவ்மென்ட் படம் கேளுங்கள். "திறக்கத் தெரியாது" என்றால் விட்டுவிடுங்கள், விற்கத் தெரிந்தவருக்குத் திறந்து கொடுக்க ஆள் தெரியாமலா போகும். சுவிஸ் வாட்ச் டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் 'டி' எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சு டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் வீரியம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும், ஆகவே 1970-களின் டயல் இருட்டில் பளிச்சென்றால் யாரோ மேலே பூசியிருக்கிறார்கள். 1960-களுக்கு முந்தைய வாட்ச் என்றால் ரேடியமாக இருக்கலாம். அது மின்னாவிட்டாலும் கதிர்வீச்சு இருக்கும், பாதியாகவே 1,600 வருடம் ஆகும். நீங்களாகத் திறந்து சுரண்ட வேண்டாம். 150 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று டயலில் எழுதியிருப்பதை நம்பிக் குளிக்கக்கூடப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்துக்கும் அதே வயதுதான்.

என் வாட்ச் என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே. பணம் வந்து ஒரு மாதம் இருக்கும், பழக்கதோஷத்தில் ஏலப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதே ஆள், அதே 6309, கண்ணாடியில் ஏழு மணிக்குப் பக்கத்தில் அதே கீறல். தாத்தா பெட்டி போய், "சமீபத்தில் நிபுணரால் திறந்து பரிசோதிக்கப்பட்டது" என்று புதிதாக ஒரு வரி. இந்த முறை மூவ்மென்ட் படமும் இருந்தது. நான் புகாருக்கு எடுத்து அனுப்பிய படம். ஓரத்தில் என் கட்டைவிரல் நகம். ரோட்டருக்குப் பக்கத்தில் 7009 தெளிவாகவே தெரிந்தது. அதற்குள் பதினோரு பேர் கேட்டிருந்தார்கள்.