கல்லீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத்தில் எல்லோருக்கும் மாஸ்டர் செக்கப் செய்தார்கள். என் வயிற்று ஸ்கேனில் கல்லீரலின் வலது பக்கம் 6 மி.மீ. கால்சிபிகேஷன், அதாவது சுண்ணாம்புப் படிவு, என்று வந்தது. ரத்தப் பரிசோதனைகள் சரி. ‘பழைய தழும்பு, விட்டுவிடுங்கள்’ என்றார் டாக்டர். என்னால் முடியவில்லை. மூன்று வாரமாக ராத்திரியெல்லாம் இணையத்தில் தேடுகிறேன். வீட்டில் சொல்லவில்லை. பால் குடிப்பதை நிறுத்திவிட்டேன். வேறு இடத்தில் சி.டி. எடுத்துப் பார்க்கலாமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

முதலில் பாலைக் குடியுங்கள். அந்தச் சுண்ணாம்பு டம்ளரிலிருந்து போய்ப் படிந்ததல்ல.

சி.டி. வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நான் கதை எழுதுகிறவன். சுற்றிலும் கட்டி இல்லை, கல்லீரல் சோதனைகள் சரி, முன்பு புற்றுநோய் வந்ததில்லை என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அவர் உங்களைப் பார்த்துத்தானே சொன்னார்? நீங்களோ நடுராத்திரியில் போனிடம் போய்க் கேட்கிறீர்கள். அது நாய் வழியாக வரும் நாடாப்புழுக் கட்டியில் தொடங்கிக் குடல் புற்று பரவியது வரை ஒப்பிக்கும். அவற்றிலும் சுண்ணாம்பு படியும், உண்மைதான். அதில் எது நீங்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவது அவர் வேலை. பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்லாமல் அதை மூன்று வாரம் தனியாகப் படித்துக்கொண்டிருந்தீர்களே, அதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும்.

தழும்பு என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். நம் ஊரில் இந்தப் புள்ளிக்கு ஒரு முக்கியக் காரணம், எப்போதோ வந்து நமக்கே தெரியாமல் அடங்கிப்போன காசநோய்க் கிருமி. நுரையீரலில் நுழைந்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரலிலும் தங்கக்கூடும். உடல் அதைச் சுற்றி வளைத்து அடைத்துவிடும். வருடங்கள் போக அங்கே சுண்ணாம்பு படியும்.

என் பெரியம்மாவுக்கு நெஞ்சில் அப்படி ஒன்று. 1960-ல் வந்த டிபி. தாம்பரம் சானடோரியத்தில் போய்ப் படுத்தால்தான் பிழைக்கலாம் என்று எல்லோரும் நம்பிய காலம். ஆனால் முந்தைய வருடம்தான் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு வெளிவந்திருந்தது. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து, ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் எவ்வளவோ மேல். இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். பெரியம்மாவும் வீட்டிலிருந்தே பிழைத்தாள். பிறகு எந்தப் புது டாக்டராவது எக்ஸ்ரேயைப் பார்த்து முகம் சுருக்கினால், “அது அடைச்ச கடன் சார், வட்டி கேக்காதீங்க” என்பாள்.

1995 அக்டோபரில் சூரிய கிரகணம். பீரோ மேலிருந்த அவள் எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு பேரப்பிள்ளைகள் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். (கண்ணுக்குக் கெடுதல், நீங்கள் செய்யாதீர்கள்.) மூச்சு வாங்கப் படியேறி வந்தவள், “என் நெஞ்சு வழியாவா பாக்குறீங்க? நல்லாத் தெரியுதா?” என்று கேட்டாள். தெரிந்தது. கடிபட்ட சூரியனும், பக்கத்தில் அந்தப் புள்ளியும்.